பக்கத்து இருக்கையில் அறுபத்தொரு கிலோ

காரில் இருந்தது ஓட்டிய பையன் மட்டும்தான். ஆனால் பக்கத்து இருக்கைக்கு அடியில், காற்றுப்பை விரியலாமா என்று முடிவெடுக்க ஆளின் எடையைப் பார்க்கும் கருவி, மோதிய நொடியில் அறுபத்தொரு கிலோ என்று பதிந்திருந்தது. விபத்து ஆய்வாளர் இந்த மாதம் பிரித்துப் பார்த்த ஐந்தாவது கார் இது. ஐந்திலும் ஓட்டியவர் தனிதான்; ஐந்திலும் பக்கத்து இருக்கையில் அதே எடை.

“பேய்கூட டயட்ல இருக்கு போல சார், எடை ஏறவே மாட்டேங்குது!” என்றார் மெக்கானிக்.

ஆய்வாளர் சிரிக்கவுமில்லை, பயப்படவுமில்லை. பட்டறைத் தராசில் ஏறி நின்றார். அறுபத்தொன்று. இறங்கிக் கைகழுவினார்.

வாசலில் பையனின் அம்மா காத்திருந்தாள்.

“கடைசி நேரத்துல என் புள்ள தனியாவா இருந்தான்? அத மட்டும் சொல்லுங்கய்யா.”

முந்தைய நான்கு குடும்பங்களும் இதையேதான் கேட்டன. நான்கு முறையும் அவர் அறிக்கையை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார்.

“இல்லம்மா,” என்றார். “பக்கத்துல நான் இருந்தேன்.”