களைக்காத முகம்

“இவளுக்குப் பசிக்காது, தூக்கம் வராது, லீவு கேட்க மாட்டா. காலையிலேர்ந்து இதே சிரிப்புதான், பாருங்க” என்றார் ஸ்டூடியோக்காரர்.

சுவரை அடைத்திருந்த திரையில் மின்மினி சிரித்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் பெற்றெடுத்த பெண். அவள் பூசிக் காட்டிய பவுடருக்குப் போன மாதம் கடைகளில் தட்டுப்பாடே வந்துவிட்டது. மெஷின் என்று தெரிந்தும் ஜனங்கள் “சாப்பிட்டியாம்மா?” என்று அவளை விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒருநாளும் கேட்டிராத கேள்வி.

சோப்புக் கம்பெனி மேனேஜருக்கு வேண்டியதெல்லாம் தலைவலி கொடுக்காத ஒரு முகம். போன வருஷம் அவர் பொறுக்கியெடுத்த மாடல் பெண், ஊரெல்லாம் பேனர் வைத்த மறுமாதமே கர்ப்பம் என்று வந்து நின்றாள். “முகம்தானே சார் காட்டறீங்க, இன்னும் நாலு மாசம் தாங்கும்” என்று கெஞ்சினாள். மனிதர் மசியவில்லை. அன்று சாயங்காலமே ஒற்றை வரிக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பேனரை எல்லாம் இறக்கியதில் சோப்பு விற்பனையும் படுத்துக்கொண்டது. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்களும் கிளம்பிடுங்க” என்று முதலாளி சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கிறபோது வேலை போனால் வீடு என்ன ஆகும் என்று மேனேஜருக்கு நன்றாகவே தெரியும். அடுத்தவர் வீடு என்றால்தான் தெரியாது.

“எங்க, நடக்க வெச்சுக் காட்டுங்க.”

“ஒரு மூணு மாசத்துக்குத் தோளுக்கு மேலதான் சார். முழு உருவம் அப்புறம் தர்றோம். சோப்புக்கு முகம் போதாதா?”

“சரி, மெஷினையாவது பார்க்கலாமா?” மேனேஜர் பூட்டியிருந்த பக்கத்து அறையைக் காட்டினார்.

“அதுக்குத் தூசி ஆகாது சார். நானே செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போறேன்.”

மேனேஜர் அத்தோடு விடுவதாயில்லை. ஒரே வரியை முப்பது தடவை சொல்லச் சொன்னார். மின்மினி முப்பது தடவையும் முகம் கோணாமல் சொன்னாள். நடுவில் ஒருமுறை மட்டும் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்த நொடியே பழைய சிரிப்பு வந்துவிட்டது.

“பலே, அசல் பொண்ணு மாதிரியே பண்ணியிருக்கீங்க” என்றார் மேனேஜர். ஸ்டூடியோக்காரர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்களே ஏதாவது கேளுங்க சார், பதில் சொல்லுவா.”

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஏம்மா, பாதியில விட்டுட்டுப் போயிட மாட்டியே?”

“நீங்க அனுப்பாத வரைக்கும் போக மாட்டேன் சார்.”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த கையோடு மேனேஜர் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டார். “வேலைக்கு வர்றவங்க எல்லாம் இப்படி இருந்துட்டா எவ்வளவு நல்லாயிருக்கும்” என்று பெருமூச்சு வேறு விட்டார்.

வாசல் வரை வந்து வழியனுப்பிய ஸ்டூடியோக்காரர் அங்கேயே யாரிடமோ போனில் பேசத் தொடங்கினார். காரில் ஏறப் போன பிறகுதான் மேனேஜருக்கு மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்தது. பேசுகிறவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று தானே மாடியேறினார்.

அறையில் யாருமில்லை. கண்ணாடி மேஜைமேலேயே இருந்தது. திரையை அணைக்க மறந்திருந்தார்கள். மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டதும் மின்மினி தலைநிமிர்ந்தாள். அவள் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

“சார், அவர் போயாச்சா? கொஞ்சம் படுத்துக்கட்டுமா, பிள்ளை உதைக்குது.”