நகரும் புள்ளி

"புள்ளி நகருது பாரு!"

ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, ஜீப்பே அதிரக் கைதட்டினார் கணவர். டேஷ்போர்டில் லேப்டாப்பைப் பொருத்தி, ஜிபிஎஸ்ஸை இணைத்து, காட்டு மேப்பை ஏற்றுவதற்குள் அவருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயிருந்தன.

"அடுத்து ஓடை வரும்!"

ஓடை வந்தது.

"இடது பக்கம் பெரிய பாறை!"

பாறையும் வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே நமக்கு வழி தப்பவே தப்பாதுடி!"

"தப்பாதுங்க," என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

காடு முடிந்து ஊர் வந்ததும் வண்டி நின்றது. கீழேயிருந்து டிரைவர் கூப்பிட்டார்.

"ஒர்க்‌ஷாப் வந்தாச்சு சார். லாரியிலேர்ந்து ஜீப்பை இறக்கிடவா? முன்பக்கம் அப்பளமாயிருக்கே, அவ்வளவு பெரிய மரத்துல எப்படி மோதினீங்க?"

"மேப்புல மரம் இல்லையேன்னு நேரா விட்டுட்டாருண்ணே," என்றாள் மனைவி.

கணவர் காதில் எதுவும் விழவில்லை.

"ஒர்க்‌ஷாப்பைக்கூட எவ்வளவு கரெக்டா காட்டுது பாரு!"