இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து

முதிர்ந்த வைப்புத்தொகையைத் தராமல் இழுத்தடித்த கூட்டுறவுக் கடன் சங்கம், நுகர்வோர் நீதிமன்றத்தில் ஒரு புதுப்பிப்புப் படிவத்தைக் காட்டியது. அதில் மரியசேகரின் மனைவி ஜெனோவாவின் கையெழுத்து இருந்தது. அவள் இறந்து இரண்டு மாதம் கழிந்த தேதி.

"வசமா மாட்டிக்கிட்டானுங்க. இது என் மனைவி கையெழுத்தே இல்லன்னு பிரமாணப் பத்திரத்துல போடுங்க சார், பணம் தன்னால வரும்," என்று சிரித்தார் வக்கீல்.

மரியசேகர் பேனாவைத் திறந்தான். படிவத்தில் எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. இறப்பதற்கு முந்தைய மாதம் வலது கை வீங்கியபின், மகளின் பள்ளி டைரியில் மட்டும் அவள் இடது கையால் போட்ட கையெழுத்து அது. சங்கத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

"சங்கத்து கிளார்க் என்ன சொல்றான்?"

"மேடமே நேர்ல வந்தாங்களாம். ஸ்கூல் யூனிஃபார்மோட உங்க பாப்பாவையும் கையில புடிச்சிட்டு வந்தாங்களாம். புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

மரியசேகர் கையெழுத்திடாமல் கடிகாரத்தைப் பார்த்தான். மகளின் பள்ளி விட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது; அழைத்துவர அவன் இன்னும் கிளம்பவில்லை.