பொறாமைக்கு ஒரு முகம்

“உனக்கு என் மேல பொறாமையா?” என்று நான்சி ஒருமுறை கேட்டாள். இல்லை என்றேன். அது பொய்.

ஒன்பதாவதுவரை ஒரே பெஞ்சில் இருந்தோம். இப்போது நெய்வேலியில், எங்கள் குடியிருப்பு ப்ளாக்கின் பள்ளிக்கூடத்தில், அவள் கோபம், பயம் போன்ற உணர்வுகளைப் பாடமாக நடத்தும் மிஸ். நான் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடும் அக்கா.

இன்று இரண்டாம் வகுப்பில், “பொறாமைப்பட்டா மூஞ்சி எப்படியிருக்கும்? செஞ்சு காட்டுங்க” என்றாள்.

அத்தனை பிள்ளைகளும் ஒரே மாதிரி உதட்டைச் சுழித்து, வாசலில் நின்ற என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். கண்டுபிடித்துவிட்டார்களே என்று எனக்கு உடம்பு கூசியது.

நான்சி சிரித்தாள். “யாரு மூஞ்சி இது? பயப்படாம சொல்லுங்க.”

“உங்க மூஞ்சிதான் மிஸ்!” என்றாள் தமிழ்மொழி. “நாங்க சண்டை போட்டா அக்காதானே பழம் விட வைக்கிறாங்க? அப்பல்லாம் நீங்க இப்படித்தான் பாத்துகினு இருப்பீங்க.”

நான்சி சாக்பீஸை மேசையில் வைத்தாள். என்னைத் தாண்டிப் போனாள்.