சர்க்கரையோடு வாழ்கிறவர்கள்

இரும்பாலைப் புகைக்குள் மாலை வெயில் துருநிறமாக வாசலில் விழுகிறது. ஆலைக் காவல் முடிந்து வந்த மணவாளன் கம்பெனி பூட்ஸைக் கழற்றுகிறார். உள்ளிருந்து ஓர் இரும்புச் சீவல் உதிர்கிறது. சாக்ஸ் சிவப்பாக நனைந்திருக்கிறது. வலியே இல்லை. மனைவி முத்தம்மாளுக்கும் முதலில் வலிக்கவில்லை. சர்க்கரைப் புண்ணால் அவளுடைய இடது காலை வெட்டி எடுத்தார்கள்; பிறகு அவளும் செத்துப்போனாள். அந்தக் காலின் செருப்பு, விரல்கள் பதிந்த பள்ளத்தோடு கதவோரம் கிடக்கிறது. மணவாளன் தன் பாதத்தைத் துண்டால் மூடிக்கொள்கிறார். சிறுவயதிலிருந்தே சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் மகள் சுமலதா, தன் வலைப்பூவுக்கு எழுதியதை உள்ளேயிருந்து உரக்கப் படிக்கிறாள்: "எங்களை நோயாளி என்னாதீர்கள். சர்க்கரையோடு வாழ்கிறவர்கள் என்று சொல்லுங்கள்." "இன்னாத்துக்கு இந்த பேஜாரு? பேர மாத்தினா கால் மொளைக்குமா?" என்கிறார் மணவாளன். "சுகர்காரின்னு கேலி பண்ணுவாங்கன்னுதானே நைனா, அம்மா புண்ண மறைச்சிக்கினே இருந்தாங்க?" துண்டில் சிவப்பு மெல்லப் படர்கிறது. செருப்பின் ஐந்து பள்ளங்களிலும் இருட்டு தேங்குகிறது. "எழுதினது போதும். லைட்ட எடுத்துக்கினு வா," என்கிறார். துண்டை விலக்கிக் காலை நீட்டுகிறார்.