நிறைகுடம் வைக்காத படலை

வேட்பாளரை வரவேற்க ஒழுங்கை முழுக்க வாசலுக்கு வாசல் நிறைகுடம் வைச்சிருந்தினம். பத்மாசினி அக்கா வீட்டுப் படலை மட்டும் இழுத்துச் சாத்திக் கிடந்தது.

எலெக்சன் வாற கிழமை!

வேட்பாளர் சிவகௌரி எனக்குப் பின்னாலை பொய்க்காலை இழுத்து இழுத்து வாறாள். இயக்கத்திலை ஒரு காலைக் குடுத்து, புனர்வாழ்வு முடிச்சு வந்து, சுன்னாகத்துப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்தவள். அவளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பவேணும் எண்டு கட்சியோடை மல்லுக்கட்டி இடம் எடுத்துக் குடுத்தது நான்தான். வாக்குச்சீட்டிலை புள்ளடி போடவேண்டிய அவளின்ரை விருப்பு வாக்கு இலக்கம் அடிச்ச நோட்டீஸ் கட்டும் என்ரை கையிலைதான்.

"கண்டீரோ தம்பிராசா?" எங்களோடை வந்த முத்துக்குமாரு அண்ணை காதுக்குள்ளை தொடங்கிவிட்டார். "நான் அப்பவே சொன்னனான். இயக்கத்துப் பிள்ளையளுக்கு எங்கடை சனம் இரக்கப்படும். வாக்குப் போடாது."

"ஏன் போடாது? சண்டை பிடிச்ச ஆமிக்காரர் தெற்கிலை எலெக்சன் கேட்டு நாட்டையே ஆளப் பாக்கினம். எங்கடை பிள்ளை கேட்டால் மட்டும் குறைஞ்சுபோச்சோ?"

"உதை எனக்குச் சொல்லி என்ன? அந்தப் படலைக்குச் சொல்லும்."

மனுசன் சொன்னதிலை பிழையில்லை. அக்காவின்ரை மகள் சுவர்ணா கடைசிச் சண்டையோடை காணாமல் போனவள். அக்கா இண்டைக்கும் மகளின்ரை படத்தைத் தூக்கிக்கொண்டு றோட்டிலை நிக்கிறா. அந்தப் படத்துக்கு ஒரு பூ வைக்க விடமாட்டா. "என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறாள்" எண்டு சண்டைக்கு வருவா. பிள்ளையளைத் துலைச்ச தாய்மார் எல்லாரும் அவவின்ரை பேச்சைத்தான் கேட்பினம். அவ ஓம் எண்டால் இந்தப் பக்கத்து வாக்கு எங்களுக்கு. இல்லையெண்டால் கௌரி திரும்ப வெங்காயத் தோட்டத்துக்குத்தான்.

அதுக்காகத்தான் முந்தநாள் கௌரிக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினனான். "நீயும் சுவர்ணாவும் இயக்கத்திலை ஒண்டா நிண்டனீங்கள். தனியப் போய்க் கதை. 'நான் வெண்டால் சுவர்ணாவைத் தேடித் தருவன்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. மனுசி உன்னைத் தலையிலை வைச்சுக் கொண்டாடும்."

போனவள், வந்தவள், ஒண்டும் சொல்லேல்லை. இப்ப பாத்தால் இந்தக் கோலம்.

"பிள்ளை, அண்டைக்கு அக்காவிட்டை என்ன சொன்னனி?"

"சொல்லவேண்டியதைச் சொன்னன் அண்ணை."

"நான் சொல்லச் சொன்னதையோ?"

அவள் நிலத்தைப் பாத்தாள். "அதைச் சொல்ல வாய் வரேல்லை."

எனக்கு வந்த விசருக்கு! "எல்லாரும் குடுக்கிற வாக்குறுதிதானே! அதைக்கூடச் சொல்லத் தெரியாத நீ கொழும்பிலை போய் என்னத்தை வெட்டி விழுத்தப்போறாய்?"

"வாங்கோ, அடுத்த வீட்டுக்குப் போவம். அவவைக் கரைச்சல்படுத்த வேண்டாம்."

"நீ பேசாமல் நில்!"

படலையைத் தட்டினன். "அக்கா! பத்மாசினி அக்கா! ஊரே நிறைகுடம் வைச்சிருக்கு. உங்கடை மகளோடை நிண்ட பிள்ளைக்கு ஒரு செம்புத் தண்ணி வைக்கக்கூடாதோ?"

சனம் கூடிட்டுது. முத்துக்குமாரு அண்ணை தொண்டையைச் செருமினார்.

படலை கொஞ்சமாத் திறந்தது. அக்கா முழுகின ஈரத்தலையோடை நிண்டா. கண் ரெண்டும் வீங்கிக் கிடந்தது.

"தள்ளி நில்லும் தம்பி. ஒருதரும் உள்ளை வரக்கூடாது."

"கௌரி அப்பிடி என்ன பிழை விட்டவள் அக்கா?"

"அவளோ?" அக்கா என்னைத் தாண்டி கௌரியைப் பாத்தா. "செத்த வீட்டிலை, தீட்டுத் துடக்கோடை ஆரும் நிறைகுடம் வைப்பினமோ?"

"செத்த வீடோ? ஆர் அக்கா?"

"என்ரை சுவர்ணா."

அக்கா கௌரியைக் கையாலை காட்டினா.

"இவளின்ரை மடியிலைதான் போனவளாம். இவள்தான் கிடங்கு வெட்டி மண் போட்டவளாம். ஏன் பிள்ளை இவ்வளவு காலமும் சொல்லேல்லை எண்டு கேட்டன். 'நீங்கள் அந்த நம்பிக்கையிலைதான் உயிரோடை இருக்கிறியள் எண்டு பயந்திட்டன் அம்மா' எண்டாள். 'இப்ப இதைச் சொல்லாமல் உங்களிட்டை வாக்குக் கேட்க என்னாலை ஏலாது' எண்டு என்ரை காலைப் பிடிச்சுக்கொண்டு குழறினாள்."

அக்கா சீலைத் தலைப்பாலை முகத்தைத் துடைச்சா.

"இவ்வளவு காலம் கழிச்சுச் சாச்சேதி கேட்டால் ஒரு முழுக்கோடை துடக்குப் போயிடுமாம், ஐயர் சொல்லுறார். எனக்குப் போகேல்லை தம்பி. கொஞ்ச நாளைக்கு என்னை அழ விடுங்கோ."

நோட்டீசிலை, கௌரியின்ரை இலக்கத்துக்கு மேலை, 'காணாமல் போன பிள்ளைகளைத் தேடித் தருவோம்' எண்டு கொட்டை எழுத்திலை அடிப்பிச்சதும் நான்தான். வெக்கத்திலை நோட்டீஸ் கட்டை முதுகுக்குப் பின்னாலை ஒளிச்சன்.

"அதை ஏன் ஒளிக்கிறீர்?" எண்டா அக்கா. "ஒண்டைப் படலையிலை செருகிப்போட்டுப் போம். தேடித் தாறம் எண்டு வந்தவை எல்லாருக்கும் வாக்குப் போட்டுப் பாத்தாச்சு. இனித் தேடாதேங்கோ எண்டு சொன்னவளின்ரை இலக்கம் எனக்கு மாறிப்போகக்கூடாது."