பாங்குக்குச் சற்று முன்

கண்டி வாவிக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிற பெரிய வீடு. மழை விட்டும் கூரை சொட்டுகிறது. நோன்பு திறக்க இன்னும் சில நிமிடங்கள். மேசையில் கஞ்சிக் கோப்பைகளிலிருந்து ஆவி எழுகிறது. விருந்துக்கு வந்திருக்கும் இன்ஷிரா தன் பையிலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்துத் தோழி ஜஹானாவின் பக்கம் தள்ளுகிறாள். "கட்டாயம் வாசி. கையில எடுத்தா வைக்க ஏலா. பெரிய பணக்காரக் குடும்பம். மூத்த மகள் ஒருத்தி இருந்தா. இப்ப அவட பேரயே யாரும் சொல்றல்ல. போட்டோவையும் கழட்டிட்டாங்க." ஜஹானா புத்தகத்தைத் தொடவில்லை. அவள் பார்வை சுவருக்குப் போய்த் திரும்புகிறது. அங்கே குடும்பப் படங்களின் வரிசை நடுவே ஓர் ஆணி மட்டும் இருக்கிறது. அந்தி வெளிச்சத்தில் அதன் நிழல் நீண்டு விழுந்திருக்கிறது.

"கதயெல்லாம் பொறகு," என்கிறார் ஜஹானாவின் வாப்பா ஸெய்னுலாப்தீன், கோப்பையைப் பார்த்தபடியே. "இது துஆ கேக்குற நேரம். கேட்டா கெடைக்கிற நேரம்." எல்லோரும் பிரார்த்தனைக்காகக் கைகளை ஏந்துகிறார்கள். ஜஹானாவின் உம்மா ஸக்கியாவும் ஏந்துகிறார். அவர் உதடுகள் அசைகின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. ஏந்திய கைகளைத் தாழ்த்தாமலே இன்ஷிராவின் பக்கம் திரும்புகிறார். "மகள், கடைசில அந்தப் புள்ள வூட்டுக்கு வருவாவா?" இன்ஷிரா சிரிக்கிறாள். "முடிவச் சொன்னா வாசிக்க ஆச இரிக்காது, ஆன்ட்டி." பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கான பாங்கு கேட்கிறது. எல்லோரும் பேரீத்தம்பழத்தைக் கடிக்கிறார்கள். ஸக்கியாவின் கைகள் மட்டும் இன்னும் இன்ஷிராவை நோக்கி ஏந்தியபடியே இருக்கின்றன.